கோலுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

சற்று நகர்ந்து உட்காருகிறீர்களா, அம்மா? நன்றி. இந்தப் பேருந்தில் நான் வந்திருக்கவே கூடாது. எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியின் வேனில், முன் இருக்கையில், ஓட்டுநருக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டியவள். பத்து மணிக்கு வேன் புறப்படும் என்று அணியின் ஆதரவாளர் மன்றச் செயலாளர் தம் வாயாலேயே சொன்னார். நான் சற்று முன்னதாகவே போய்க் கல்லூரி வாசலில் நிற்கிறேன். காவலாளியைத் தவிர ஈ காக்கை இல்லை. ‘வேன் எட்டரைக்கே போயிட்டே டீச்சர்’ என்கிறார். எட்டரைக்கும் பத்துக்கும் வேறுபாடு தெரியாத ஒருவரைச் செயலாளராக வைத்துக்கொண்டு ஒரு மன்றம் எப்படி உருப்படும்? நீங்களே சொல்லுங்கள்.

ஆம், கால்பந்துதான். பாளையங்கோட்டையில் இன்று போட்டி. என்னைப் பார்த்தால் அப்படித் தெரியாது. மைதானத்தில் எனக்குக் குடை பிடிக்க வருகிறவர்கள்கூட முதலில் ‘பாட்டிக்கு வழி தவறிவிட்டது போலும்’ என்றுதான் நினைப்பார்கள்.

எங்கள் கல்லூரி என்று சொல்கிறேனே தவிர, நான் அங்கே படித்தவளும் அல்லள், கற்பித்தவளும் அல்லள். தூத்துக்குடியில் அந்தக் கல்லூரி மைதானத்துக்கும் எங்கள் தொடக்கப் பள்ளிக்கும் நடுவே ஒரு சுவர்தான். சுவருக்கு இந்தப் பக்கம் நான் ஐந்தாம் வகுப்புக்குச் செய்யுள் நடத்துவேன்; அந்தப் பக்கத்திலிருந்து பந்து வந்து மாணவர் தலையில் விழும். பணிக்காலம் முழுவதும் இதே கதை. ஓய்வு பெற்ற மறு வாரம், இத்தனை ஆண்டுகளாக என் பாடத்தைக் கெடுத்தவர்கள் அந்த வேலையையாவது ஒழுங்காகச் செய்கிறார்களா என்று பார்க்கப் போனேன். செய்யவில்லை. அன்றிலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன்.

மெல்ல மெல்ல ஆதரவாளர் மன்றத்துக்கு என்னைத் தலைவியாக்கினார்கள். நான் கேட்கவில்லை. கூட்டத்தில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். நான் நின்றுகொண்டிருக்கும்போது அவர்களால் உட்கார முடியவில்லை. ஆகையால் எனக்கொரு நாற்காலி போட்டார்கள். அந்த நாற்காலி எங்கள் கோலுக்கு நேர் பின்னால் இருக்கும். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது அதையும் தூக்கிக்கொண்டு போய் மறுகோலுக்குப் பின்னால் போடுவார்கள். கோலைக் காக்கிறவன் கண்காணிப்பில் இருக்க வேண்டும் அல்லவா? முன்னால் ஓடுகிறவர்களைப் பயிற்சியாளர் பார்த்துக்கொள்ளட்டும்.

எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. நான் ஏற்படுத்தியது. போட்டி முடிந்த மறுநாள் மாலை லூர்து காப்பிக்கடை மாடியில் கூடுவோம். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நிற்பார்கள். ஆராய்ந்து, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் கொடுப்பேன். முப்பத்தைந்துக்குக் கீழே போனவன் அடுத்த போட்டியில் வெளியே உட்கார வேண்டும். சட்டையும் காலணியும் மன்றம் வாங்கித் தருவதால் பயிற்சியாளர் மாசிலாமணி மறுத்துப் பேசியதில்லை. தங்கமான மனிதர். ஆனால் முதுகெலும்பு சற்று இளக்கம்.

சென்ற சனிக்கிழமை, சொந்த மண்ணில், ஒன்றுக்குச் சுழியம் என்று தோற்றோம். ஆட்டம் முடியப் போகிற தறுவாயில் ஒரு கோல். மறுநாள் காப்பிக்கடை மாடியில் நிற்க இடமில்லை. தோற்றால்தான் கூட்டம் வரும். வென்றால் அவரவர் வீட்டிலேயே மகிழ்ந்துகொள்வார்கள்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். புல் வளர்ந்துவிட்டது என்றார் ஒருவர். பந்தில் காற்று அதிகம் என்றார் இன்னொருவர். ரெஃபரியின் மாமியார் வீடு எதிரணியின் ஊரில் என்று ஒருவர் கண்டுபிடித்து வந்திருந்தார். லூர்து காப்பியை ஆற்றிக்கொண்டே, ‘நம்ம பயலுவ கோல் போடுவானுவன்னு காத்திருந்தா இந்தக் காப்பி மட்டுமில்ல, அடுப்பே ஆறிரும்’ என்றார். செயலாளர் ஆறுமுகநயினார், அதாவது எட்டரையையும் பத்தையும் குழப்பியவர், ‘முன்னால நின்னவனுவ எல்லாம் பொண்ணு பாக்க வந்தவன் மாதிரில்லா நின்னானுவ’ என்றார். நான் மேசையைத் தட்டினேன். அடங்கினார்கள். காரணம் சொல்வது எளிது. காரணத்தை வரிசைப்படுத்துவதுதான் கல்வி.

முன்னணி ஆட்டக்காரனுக்கு நாற்பத்தொன்று கொடுத்தேன். ஓடுகிறான், ஆனால் பந்து எங்கே இருந்ததோ அங்கே ஓடுகிறான். இடப்பக்கத் தடுப்பாளனுக்கு முப்பத்தெட்டு. காலில் பந்து வந்தால் கையில் தேள் விழுந்தவனைப் போல உதறுகிறான். இப்படியே போய்க் கடைசியில் கோல்கீப்பர் வந்து நின்றான்.

சூ. பனிமய ரெக்ஸன். ஊரார் ரெக்ஸன் என்பார்கள். நான் நேரில் கூப்பிட்டால் முழுப் பெயரும் முன்னெழுத்தும் சேர்த்துத்தான் அழைப்பேன்; பெற்றவர்கள் வைத்த பெயரில் பாதியை விழுங்க நமக்கு என்ன உரிமை? என் கடைசி வகுப்பு மாணவன். தந்தை இல்லை. தாய் வீட்டில் தையல் இயந்திரம் மிதிக்கிறார். இன்றைய போட்டிக்குப் பல்கலைக்கழக அணியின் தேர்வாளர்கள் வருகிறார்கள், அம்மா. அந்த அணியில் இடம் கிடைத்தால், விளையாட்டு ஒதுக்கீட்டில் காவல்துறையில் வேலை நிச்சயம் என்று மாசிலாமணி சொல்வார். அவனுக்கு இது இறுதி ஆண்டு. இன்று ஆடினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டுதான் தராசைப் பிடித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். எதிரணிக்குக் கார்னர், அதாவது மூலையிலிருந்து பந்தை உதைக்கும் வாய்ப்பு, கிடைத்தது. அப்போதுதான் கவனித்தேன், ரெக்ஸனுடைய சட்டை பின்னால் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. மன்றம் வாங்கிக் கொடுத்த சட்டை. முதுகில் கல்லூரியின் பெயர். அது இடுப்புக்குக் கீழே கந்தலைப் போல ஆடுகிறது. வெளியூர்க்காரர்கள் பார்க்கிறார்கள். ஒரே ஒரு முறை அழைத்தேன். ‘சூ. பனிமய ரெக்ஸன்’ என்று. மென்மையாக. அவ்வளவுதான். ஒரே ஒரு முறை.

அவன் வளர்ப்பு அப்படி. என் வகுப்பில் பெயர் அழைக்கப்பட்டால் எழுந்து, முகத்துக்கு நேரே திரும்பி, கை கட்டி, ‘உள்ளேன் அம்மா’ என்று சொல்ல வேண்டும். பத்தாண்டுகள் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. உடனே திரும்பினான். கையுறையோடு கை கட்டுவது எளிதன்று; கட்டினான். உதடும் அசைந்தது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. நாம் விதைத்தது வீண்போகவில்லை என்று நினைத்தேன். அதற்குள் அவன் முதுகுக்குப் பின்னால் பந்து உள்ளே போய்விட்டது.

ஏன் சிரிக்கிறீர்கள்? இருமலா. தண்ணீர் குடியுங்கள்.

கூட்டத்தில் செயலாளர் தம் கைப்பேசியில் எடுத்த காணொளிப் படத்தைக் காட்டினார். தொலைவிலிருந்து எடுத்தது. கார்னர் கொடி தெரிகிறது. எங்கள் பையன் கோல் வாயில் நிற்பது தெரிகிறது. அடுத்த நொடி ஒரு பெண்ணின் கூக்குரல், அம்மா. என்ன கூக்குரல் என்கிறீர்கள். கப்பல் துறைமுகத்துக்குள் வரும்போது ஊதுவது போல. அதைக் கேட்டதும் இரண்டு காகங்கள் எழுந்து பறக்கின்றன, படத்திலேயே தெரிகிறது. ‘யார் இந்தப் பெண்?’ என்று கேட்டேன்.

லூர்து துடைத்த குவளையையே மறுபடி துடைத்தார். யாரோ ஒருவர் ‘டீச்சர், அது வந்து…’ என்று தொடங்கி, பக்கத்தில் இருந்தவர் காலை மிதித்ததும் நிறுத்திக்கொண்டார். கடைசியில் ஆறுமுகநயினார், ‘யாரோ வெளியூர்க்காரி போலிருக்கு டீச்சர்’ என்றார்.

பொது இடத்தில் பெண்கள் இப்படிக் கத்தினால் நாடு என்ன ஆகும்? அங்கேயே ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். மைதானத்தில் கூச்சலிட்டு ஆட்டக்காரரின் கவனத்தைச் சிதைத்த அந்த அடையாளம் தெரியாத பெண்மணியை மன்றம் வன்மையாகக் கண்டிக்கிறது. ஒருமனதாக நிறைவேறியது. கை தூக்காதவன் ரெக்ஸன் ஒருவன்தான். குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வாக்குரிமை இல்லை என்பதால் நானும் அதைப் பொருட்படுத்தவில்லை.

பிறகு அவனைக் கேட்டேன். ‘ஏன் திரும்பினாய்?’

அவன் கைப்பேசியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். ‘வெயில் கண்ல அடிச்சிட்டு டீச்சர்’ என்றான்.

பொய், அம்மா. என்னிடம் பொய். நான் காப்பித் தூளைக் கொண்டே மேசைமேல் மைதானத்தை வரைந்து காட்டினேன். இது கிழக்கு, இது மேற்கு. மாலைப்பொழுது. நீ நின்றது மேற்குக் கோல். உன் முகம் கிழக்கு நோக்கி. சூரியன் உன் முதுகுக்குப் பின்னால். முதுகில் அடிக்கிற வெயில் கண்ணில் எப்படி அடிக்கும்?

லூர்து சும்மா இருக்கமாட்டாதவர். ‘திரும்புனப்புறம் அடிச்சிருக்கும்லா டீச்சர்’ என்றார்.

‘அப்படியானால் ஏன் திரும்பினான்? அதைத்தானே கேட்கிறேன்’ என்றேன். ஆறுமுகநயினார் மட்டும் ஏதோ முணுமுணுத்தார். காப்பிக்குச் சர்க்கரை போதவில்லை என்றார்போலும்.

மாசிலாமணி எழுந்தார். ‘டீச்சர், அவன் மேல தப்பில்ல’ என்றார்.

‘பின்னே யார்மேல்?’

அவர் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார். ‘காத்து டீச்சர்’ என்றார்.

காற்றுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை என்று சொல்லிவிட்டேன். முதலில் அவனுக்கு ஐம்பத்தைந்து கொடுப்பதாக இருந்தேன். அதற்கு முன் மூன்று பந்துகளை அற்புதமாகத் தடுத்திருந்தான்; அதில் ஒன்று, மீன் துள்ளுவது போலப் பக்கவாட்டில் பாய்ந்து விரல் நுனியால் தட்டிவிட்டது. அழைத்ததும் திரும்பிய ஒழுக்கத்துக்கு ஐந்து கூட்டினேன். பொய்க்கு இருபத்தாறு கழித்தேன். முப்பத்து நான்கு.

‘ஒரே ஒரு மார்க்குலா டீச்சர்’ என்றார் மாசிலாமணி. ‘நாளப்பின்ன அவன் பொழப்பு இருக்கு.’ அவர் குரல் உடைந்ததைக் கேட்டேன். கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு மதிப்பெண்ணை இரக்கத்துக்காகப் போட்டால், மற்ற முப்பத்து நான்குக்கும் என்ன மதிப்பு? என் பணிக்காலத்தில் சொந்தத் தங்கை மகனையே ஐந்தாம் வகுப்பில் மறுபடி உட்கார வைத்தவள் நான். தங்கை அதற்குப் பிறகு என் வீட்டுப் படி ஏறவில்லை. பையன் இப்போது நன்றாக இருக்கிறான் என்று கேள்வி.

ரெக்ஸன் மட்டும் முகம் வாடவில்லை. ‘சரி டீச்சர்’ என்றான். ‘கொஞ்சம் வழி விடுங்கண்ணே’ என்று சொல்லிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கீழே இறங்கிப் போனான்.

இன்று அவனுக்குப் பதிலாக இசக்கித்துரை கோலில் நிற்கிறான். அவனும் அதே வகுப்பு, என்னிடம் படித்தவன்தான். சற்று மந்தம். ஆனால் பெயர் சொன்னால் ரெக்ஸனைவிட வேகமாகத் திரும்புவான்.

நேற்று மாலை ரெக்ஸன் வீட்டுக்கு வந்தான். இடம் கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்து, சொல்ல வேண்டிய விடையை ஒழுங்குபடுத்தி வைத்துக்கொண்டேன். அவன் கேட்கவில்லை. நின்றுகொண்டே இருந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

‘டீச்சர், நாளைக்கு நாற்காலிய அந்தப் பக்கம் போடச் சொல்லுதேன்’ என்றான். ‘அவங்க கோலுக்குப் பின்னால.’

‘ஏன்?’

‘அங்கேருந்து பாத்தா நல்லாத் தெரியும் டீச்சர். நம்ம பயலுவ முகமெல்லாம் நேராத் தெரியும்.’

எனக்கு அது நியாயமாகவே பட்டது. முதுகையே பார்த்து மதிப்பெண் போடுவதைவிட முகத்தைப் பார்த்துப் போடுவது நேர்மை. ஆனால் சட்டையை யார் கவனிப்பது? கேட்டேன். அதற்கு அவன் சொன்ன விடையைக் கேளுங்கள். ‘அம்மா சட்டையையும் நிக்கரையும் ஒண்ணாச் சேத்துத் தச்சிட்டாங்க டீச்சர். இனி வெளிய வராது’ என்றான். தலை வழியாக நுழைந்து கால் வழியாகக் கையை விட்டு என்று எப்படியோ போட்டுக்கொள்ளலாமாம். சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அவன் அம்மாவுக்கு நல்ல கைவேலை. ஒரு பயிற்சியாளருக்குத் தோன்றாதது அந்தத் தாய்க்குத் தோன்றியிருக்கிறது.

அவன் போன பிறகுதான் யோசித்தேன். வெளியே உட்காரப் போகிறவனுக்குச் சட்டையை எதற்குத் தைக்க வேண்டும்?

இன்று காலை காவலாளியிடம் கேட்டேன். வேனில் யார் யார் போனார்கள் என்று. ‘எல்லாரும்தான் டீச்சர். ரெக்ஸனும் போனாம்லா. கையில கிளவுஸ மாட்டிக்கிட்டே ஏறுனாம்’ என்றார். தண்ணீர்ப் போத்தல் சுமக்கிறவனுக்குக் கையுறை எதற்கு? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் அவர் தம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே படம். ஊரெல்லாம் சுற்றுகிறதாம். அதே கூக்குரல், அதே காகங்கள். பார்த்துவிட்டு நிமிர்ந்து, பல் தெரியச் சிரித்து, ‘டீச்சர் சத்தம் இன்னைக்கும் கணீர்னுதான் இருக்கு. எங்கண்ணன் உங்ககிட்டதான் படிச்சான்’ என்றார்.

நான் அவரிடம் வேனைப் பற்றி மட்டும்தான் கேட்டிருந்தேன், அம்மா. அதை வைத்து என் குரலைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

படிக்காத மனிதர். பாவம்.

நான் அழைத்தது ஒரே ஒரு முறை. மென்மையாக. சொன்னேன் அல்லவா? எத்தனை முறை சொன்னேன்? உங்களுக்குத் தலைவலிக்கிறதோ என்னவோ. இப்படிப் பேசிக்கொண்டே வருகிறவள் அல்லள் நான். ஏதோ இன்று.

ஆற்றுப்பாலம் தாண்டிவிட்டோமா? அதற்குள்ளாகவா? இது கே.டி.சி. நகரா, பாளையங்கோட்டை வந்துவிட்டதா. பதினொரு மணிக்கு ஆட்டம் தொடக்கம். இப்போது இறங்கினால் இரண்டாம் பாதி முழுவதும் பார்க்கலாம். நாற்காலி இருக்கிறதோ இல்லையோ, நின்றுகொண்டாவது பார்க்கலாம். நீங்கள் இந்த ஊர்க்காரர்தானே, மைதானத்துக்கு எங்கே இறங்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னும் தூரமா? பேருந்து நிலையத்துக்கும் அப்பாலா? நான் இந்தப் பக்கம் என்றல்லவா நினைத்தேன். சென்ற ஆண்டு வேனில் வந்தபோது ஒரு மதிலும், மதிலுக்கு மேலே கம்பிவலையும் இருந்தன. அதோ, அந்த மதிலைப் போலவே. வாசலில் நிற்கிற வேன்கூட எங்கள் வேனைப் போலவே நீலம்.

கோயில் கொடைத் திருவிழா என்கிறீர்களா? அந்தக் கூட்டம் கொடைக்கு வந்ததா? இந்த மாதத்தில் எந்தக் கோயிலில் கொடை?

நடத்துநர் நிறுத்திவிட்டார். இறங்குகிறவர்கள் இறங்குகிறார்கள். நீங்கள் ஏன், அம்மா, என் கையை இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

ஆரவாரம் கேட்கிறது. கூட்டம் முழுவதும் எழுந்து நிற்பது இங்கிருந்தே தெரிகிறது. யாரையோ பாராட்டுகிறார்கள். கைதட்டுகிறார்கள். எதையோ தடுத்துவிட்டவனைப் பார்த்துத் தட்டுவது போலத் தட்டுகிறார்கள்.

கோயிலில் கைதட்டுவது உண்டா?

உண்டு என்றால் சரிதான். உள்ளூர்க்காரர் சொன்னால் தப்பாகுமா? கொடையாகவே இருக்கட்டும். நடத்துநர் விசில் ஊதிவிட்டார், போகட்டும் பேருந்து.